சவுரிமுத்துவின் எதிராளி

படியேறும் முன் சவுரிமுத்து செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கி வைப்பார். பிறகு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் குழாயைத் திறப்பார். முழுக்கத் திறப்பதில்லை, சொட்டுகிற அளவுக்கு மட்டும். வலது கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் அதில் நனைத்து, கண்களை மூடி, இமைக்கு ஒரு விரலாக வைத்துக்கொள்வார். தேய்ப்பதோ கழுவுவதோ கிடையாது. சும்மா வைத்திருப்பார், தூங்கும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று தொட்டுப் பார்ப்பவரைப் போல. தண்ணீர் கன்னத்தில் இறங்கி மோவாய்க்கு வந்ததும் விரல்களை எடுப்பார். கண்ணைத் திறந்து, யாரோ எதிரே இறங்கி வருவதுபோல ஒரு பக்கமாக ஒதுங்கியபடி படியேறுவார். படியில் யாரும் இருக்க மாட்டார்கள்.

மாதா கோவில் வாசலில் தீர்த்தம் தொடுகிற பழக்கத்தின் மிச்சம் என்று முதலில் நினைத்தேன். அவர் வேதக்காரர், பெருங்களத்தூர் பக்கத்துக் கிராமம். ஆனால் தீர்த்தம் தொடுகிறவர்கள் நெற்றிக்குத்தான் கொண்டு போவார்கள்.

எங்கள் கராத்தே வகுப்பு பெருங்களத்தூரில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பின்பக்க ஜன்னல்களுக்கு வெளியே காலிமனை, அதற்கப்பால் தண்டவாளம். வண்டி போகும்போது தரை லேசாக உதறும். புதிதாக வருபவர்கள் காலைப் பார்ப்பார்கள். பழகியவர்கள் பார்க்க மாட்டார்கள். நான் கிண்டியில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினி முன் குனிந்து உட்கார்ந்து, கழுத்து பிடித்துக்கொண்டு, டாக்டர் ஏதாவது பயிற்சி செய் என்று சொன்னதால் சேர்ந்தவன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சவுரிமுத்து வந்த முதல் நாளையும் அப்படித்தான் பார்த்தேன். எங்கள் மாஸ்டர் ஜெரூஷாவுக்கு முப்பது வயது ஆகவில்லை. பகலில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சவுரிமுத்துவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். தடித்த உடம்பு, நரைத்த கிருதா. கைகட்டி நின்றார்.

"எதுக்கு சார் கராத்தே? ஷுகரா, பி.பி.யா?" என்று ஜெரூஷா கேட்டார்.

"ரெண்டும் கீது மாஸ்டர். அதுக்கு இல்ல."

"பின்ன?"

"கண்ண மூடாம நிக்கணும். எதிர்ல ஒண்ணு வர்றப்ப கண்ணு தானா மூடிக்கிது. அத மட்டும் நிறுத்திக் குடுங்க. அடிக்கல்லாம் கத்துத்தர வேணாம்."

வரிசையில் முன்னால் நின்ற ஃபஹீமா சிரித்துவிட்டாள். பிளஸ் டூ படிப்பவள், பிரவுன் பெல்ட், மேற்குத் தாம்பரத்தில் அவள் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. வாய் சும்மா இருக்காது.

"அங்கிள், அதுக்குக் கண் டாக்டர்கிட்ட போகணும்."

"போய்ட்டு வந்துட்டேன் பாப்பா. கண்ணு ஜோரா கீதுன்னு சொல்லித் தொரத்திட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஜெரூஷா மட்டும் சிரிக்கவில்லை. சோதித்துப் பார்ப்பவர்போல, எதிர்பாராமல் கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். மெதுவாகத்தான். சவுரிமுத்துவின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. அதே நொடியில் அவருடைய இடது கை காற்றில் எதையோ பிடித்துத் திருகியது. வலது கை எதையோ அழுத்தியது. கைகள் செய்த வேலை அவருக்கே தெரியாது என்று தோன்றியது. கண்ணைத் திறந்தபோது முகம் வெளிறியிருந்தது.

அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது அடுத்த வாரம் டீக்கடையில்தான் தெரிந்தது. வகுப்பு முடிந்து நானும் அவரும் ஒரே திசையில் நடப்போம். அன்று என் பைக்குள்ளிருந்த மெல்லிய கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"இன்னா தம்பி இது, ஒரு வரிக்கு மூணு வார்த்ததான் கீது. மீதிப் பேப்பர் வேஸ்ட்டா?"

"மீதி நாம நெனச்சுக்கறது சார்."

"எனக்கும் அந்த மாரி ஒண்ணு கீது," என்றார். டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடுகிற மின்ரயிலை ஓட்டுபவர் அவர். ஒரு மார்கழி விடியற்காலை. வண்டலூர் தாண்டி ஊரப்பாக்கம் வரும் முன், பனிக்குள் தண்டவாளத்தின் மேல் ஓர் ஆள்.

"ஹாரன் அடிச்சேன். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். நம்ம வேல அவ்ளோதான் தம்பி. ரயில ஒடிச்சி ஓட்ட முடியாது, ஒதுக்கி ஓட்ட முடியாது. அவன் குனிஞ்சே நின்னுகினு இருந்தான். கடைசில தலையத் தூக்கினான் பாரு, எனக்குக் கண்ணு மூடிக்கிச்சு."

டீயை ஒரு வாய் குடித்தார்.

"சத்தம்தான் கேட்டுது. கார்டுதான் எறங்கிப் போயிப் பாத்தாரு. நான் சீட்ட விட்டு எழுந்துக்கல. போலீசு வந்து ஆளு எப்பிடி இருந்தான்னு கேட்டாங்க. இன்னான்னு சொல்றது? பேப்பர்ல அடையாளம் தெரியாத ஆண்னு ஓரமா போட்டாங்க. கேட்டுகினு யாரும் வரல."

டீக்கடைக்காரர் ஆற்றிய டீ நூலாக இறங்குவதையே சவுரிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியப் பாத்துருந்தா அந்த ஒரு மூஞ்சியோட போயிருக்கும். பாக்கலியா, இப்ப எல்லா மூஞ்சியும் அவன் மூஞ்சி ஆவுது. இதோ டீ ஆத்தறாரே, இவரா இருக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீயாகூட இருக்கலாம்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. என் முகத்தை உண்மையாகவே ஒரு முறை தேடிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தாம்பரம் ஷெட்டுக்குள் காலி வண்டிகளை இடம் மாற்றும் வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் அதிலேயே இருக்க முடியாது. பொங்கல் கழிந்ததும் லைனுக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் நிரந்தரமாக நாற்காலி வேலை. வீட்டில் அவர் மனைவி ஜாஸ்மின், நாற்காலியே போதும் என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

"அவ சொல்றதும் நாயம்தான்," என்றார். "ஆனா நான் எறங்கிட்டா அவன் மட்டும் வண்டியிலயே இருப்பான். எவனோ ஓட்டற வண்டிய பிளாட்பாரத்துல நின்னு பாத்துகினே கெடப்பேன். அதுக்காக, கண்ண மூடுறவன் கையில வண்டியக் குடுக்கவும் கூடாது. பின்னால ஊரே ஏறி உக்காந்துகினு வருது. கண்ணு நிக்கணும். நின்னா ஏறுவேன். நிக்கலைன்னா நானே எழுதிக் குடுத்துருவேன்."

இதையெல்லாம் ஜெரூஷாவிடம் நான்தான் சொன்னேன். சவுரிமுத்துவே சொல்லச் சொன்னார். "எனக்கு ரெண்டாவது தபா சொல்ல வராது தம்பி."

ஜெரூஷா அவரை மற்றவர்களோடு ஓடவும் குதிக்கவும் விட்டார். ஆனால் வகுப்பின் கடைசிப் பகுதியில் தனியாக நிறுத்தினார். இருவர் எதிரெதிரே நிற்கிற ஒரு பயிற்சி உண்டு. ஒருவர் ஓர் அடி முன்வந்து முகத்துக்குக் குத்து விடுவார். மற்றவர் விலகித் தடுக்க வேண்டும். சவுரிமுத்துவுக்கு விலகலும் இல்லை, தடுப்பும் இல்லை. நிற்க வேண்டும். பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

"கண்ணைத் திறந்து வைக்கிறது கண்ணோட வேலை இல்ல சார்," என்றார் ஜெரூஷா. "மூச்சோட வேலை. பயந்தா மூச்சைப் பிடிப்போம். மூச்சைப் பிடிச்சா கழுத்து இறுகும், கண்ணு மூடும். குத்து வரும்போது நீங்க மூச்சை விடுங்க. பாதம் தரையில இருக்கான்னு மட்டும் கவனிங்க. கண்ணு அது பாட்டுக்கு இருக்கும்."

குத்துவது ஃபஹீமா. வகுப்பிலேயே கை சுத்தம் அவளுக்குத்தான். மூக்கு நுனிக்கு ஒரு நூல் இடைவெளியில் நிறுத்துவாள். ஒன்பதாவது படிக்கும்போது வகுப்புப் பையன் ஒருவனின் பல்லை உடைத்துவிட்டு, பள்ளியிலிருந்து சில நாள் வெளியே நின்றவள் அவள். அதற்குப் பிறகுதான் அவள் அப்பா முனீர் இங்கே கொண்டுவந்து சேர்த்தாராம். "அடிக்கிற பொண்ண எதுக்குப் பாய் கராத்தேல சேக்குறீங்கன்னு எல்லாரும் எங்க வாப்பாவக் கிண்டல் பண்ணாங்க அங்கிள்," என்று சவுரிமுத்துவிடம் சொன்னாள். "அடிக்கிறது ஈஸி. நிறுத்துறதுக்குத்தான் எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

"அதான் பாப்பா," என்றார் அவர். "எனக்கும் நிறுத்தறதுதான் பேஜாரு."

தினமும் அவர் கண் மூடியது. தினமும் கைகள் காற்றில் பிரேக் போட்டன. ஆனால் வேறு சில மாற்றங்கள் வந்தன. மாடிக் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினார். ஒரு நாள் ஜாஸ்மின் அக்கா வகுப்புக்கே வந்து, "இப்பல்லாம் விடியற வரைக்கும் தூங்கறார் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார். எனக்குமே ஒன்று நடந்தது. கடையில் பொருள் கேட்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. யாரோ முகத்துக்கு நேரே குத்த வருவதை வாரத்தில் பாதி நாள் பார்த்துக்கொண்டிருந்தால், மளிகைக் கடைக்காரரின் முகம் பெரிய விஷயமாகத் தெரிவதில்லை.

மழைக்காலத்தில் அது நடந்தது.

கார்த்திகை மாதத்து மாலை. மழை பிடித்துக்கொண்டு மின்சாரம் போய்விட்டது. தூரத்து ஜன்னல்களில் மட்டும் சாம்பல் வெளிச்சம். ஜெரூஷா வகுப்பை நிறுத்தவில்லை. "கண்ணை மூடிக்கோங்க. சத்தத்தைக் கேட்டுக் குத்துங்க," என்றார். வரிசையாக நின்று, காலை அகட்டி, இடுப்பிலிருந்து ஒவ்வொரு கையாகக் குத்துகிற பயிற்சி. எண்ணுவது மாறி மாறி நடக்கும். ஒருவர் ஜப்பானிய மொழியில் பத்து வரை எண்ணி முடித்ததும், அடுத்து நிற்பவர் விடாமல் தொடங்க வேண்டும். வரிசையில் ஃபஹீமா, பக்கத்தில் சவுரிமுத்து, அடுத்து நான்.

ஃபஹீமா கணீரென்று எண்ணி முடித்தாள். நாங்கள் குத்திக்கொண்டே இருந்தோம். பத்துப் பேரின் சட்டைக் கைகள் ஒரே சமயத்தில் விசிறிக்கொள்ளும் ஓசை, ஈரத் துணியை உதறுவதுபோல, சீராக விழுந்துகொண்டிருந்தது. எனக்குள் எந்தச் சந்தேகமும் வரவில்லை. எண்ணிக்கை எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. கை போய் வந்தது. பிறகு சவுரிமுத்துவின் குரல் "இச்சி" என்று ஒன்றிலிருந்து தொடங்கியது. அப்போதுதான் உடம்பு சில்லிட்டது.

அவர் முடித்து, நானும் எண்ணி முடித்து, வரிசை ஓய்ந்ததும், ஃபஹீமாவின் குரல் இருட்டுக்குள் கேட்டது.

"எனக்கு அப்புறம் எண்ணுனது யாரு?"

"அங்கிள்தானே?" என்றார் யாரோ.

"இல்ல. அங்கிளுக்கு முன்னாடி. ஒரு பத்து போச்சே."



"யாரும் எண்ணலம்மா," என்றார் ஜெரூஷா. "உடம்புக்கு ரிதம் பழகிடுச்சு. அதுவா ஓடும். நல்ல விஷயம்தான்." சொன்னாரே தவிர, செல்போன் விளக்கைப் போட்டு, எங்கள் ஒவ்வொருவர் முகத்திலும் அடித்துப் பார்த்துக்கொண்டே போனார். வரிசையின் முடிவில், சுவரிலும் ஒரு முறை அடித்தார்.

"நான்தான் வுட்டுக் குடுத்தேன் மாஸ்டர்," என்றார் சவுரிமுத்து, சாதாரணமாக. "எனக்கு முன்ன அவரு எண்ணட்டும்னு நின்னேன்."

"யாரு சார்?"

அவர் வெளிச்சத்துக்குக் கண் கூசாமல் நின்றார். "தெரில," என்றார்.

அடுத்த வகுப்புக்கு ஃபஹீமா வரவில்லை. அதற்கு அடுத்த வகுப்புக்கு வந்தாள். "பரீட்சை," என்றாள், யாரும் கேட்காமலே.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவர் கண் முதல் முறையாக நின்றது. ஃபஹீமா அடியெடுத்து வைத்தாள், குத்து வந்தது, மூக்கு நுனியில் நின்றது. சவுரிமுத்துவின் வாயிலிருந்து மூச்சு ஒரு நீண்ட 'ஸ்ஸ்' என்று வெளியேறியது. கண்கள் திறந்திருந்தன. கைகள் இரண்டும் தொடையோரம் சும்மா இருந்தன. நாங்கள் கைதட்டினோம். ஃபஹீமாதான் கைதட்டவில்லை. முஷ்டியை நீட்டியபடியே நின்றாள்.

"அங்கிள், எங்க பாக்குறீங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், அவளைவிட ஒரு சாண் உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது தெரிஞ்சுது," என்றார்.

"யார் காது?"

"அவன் காது. மூஞ்சி இன்னும் வரல. காது வந்துகினு கீது."

அதன் பின் ஒவ்வொரு வகுப்பிலும் கண் நின்றது, ஒவ்வொரு வகுப்பிலும் கொஞ்சம் தெரிந்தது. ஒரு நாள் தாடை. ஒரு நாள் கழுத்து, அதில் ஒரு கறுப்புக் கயிறு. அதையெல்லாம் அவர் பயத்தோடு சொல்லவில்லை. பிளாட்பாரத்தில் நிற்பவர், வரும் வண்டி எது என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பதுபோலச் சொன்னார். பயம் எங்களுக்கு மாறியிருந்தது. ஃபஹீமா ஒரு நாள் பெல்ட்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, "என்னால முடியாது மாஸ்டர். எனக்கு முதுகு கூசுது. அங்கிள் என்னைப் பாக்கச் சொல்லுங்க, இல்லைன்னா வேற ஆள் போடுங்க," என்றாள். அழுகைக்கு முந்தைய குரல்.

"ஸாரி பாப்பா," என்றார் சவுரிமுத்து. "நானு வேணும்னு பாக்கல."

ஜெரூஷா தரையைப் பார்த்தபடி நின்றார். வெளியே ஒரு வண்டி போனது. தரை உதறி அடங்கியது. அது முழுதாகப் போன பிறகு பேசினார்.

"சார், இந்த ஹாலுக்குள்ள ஒரு ரூல்தான். எதிர்ல நிக்கிறவங்களுக்கு முதல்ல வணக்கம். சின்னவங்களோ, பெரியவங்களோ, நமக்குப் பிடிச்சவங்களோ, பிடிக்காதவங்களோ. வணக்கம் சொல்லாம யார்கூடவும் நாம நிக்க மாட்டோம். நீங்க ஃபஹீமாவுக்கு மட்டும்தான் சொல்றீங்க. அவளுக்குப் பின்னால நிக்கிறவங்களுக்கும் சொல்லிடுங்க."

கிண்டல் இல்லை அந்தக் குரலில். சவுரிமுத்து கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பிலிருந்து குனிந்து ஃபஹீமாவுக்கு வணங்கினார். பிறகு அரை அடி நகர்ந்து, அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் இடத்துக்கு நேராக நின்று, இன்னொரு முறை குனிந்தார். அங்கே ஜன்னலும் காலிமனையும்தான் இருந்தன. அவர் நிமிர நேரமானது. எதிரில் இருப்பவர் நிமிர்வதற்காகக் காத்திருப்பவர் குனிந்திருக்கும் நேரம் அது. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அந்த நேரம் தெரியும். ஃபஹீமா, என்ன நினைத்தாளோ, அந்த இடத்தை மறைக்காமல் இருக்க ஒரு பக்கமாகத் தள்ளி நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் மறுக்கவில்லை. இரண்டு வணக்கங்களோடுதான் அவர்கள் பயிற்சி தொடங்கும். பார்த்துப் பார்த்து நாங்களும் அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் வைப்பதை விட்டுவிட்டோம்.

பொங்கல் கழிந்ததும் அவர் எழுதிக் கொடுத்தார். நாற்காலி வேலைக்கு அல்ல. முதலில் கூடவே ஒருவரை அமர்த்தி ஓட்டச் செய்தார்கள். பிறகு தனியாக விட்டார்கள். ஜாஸ்மின் அக்கா அந்த நாட்களில் வாசலிலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அவர் ஷிப்ட் இல்லாத மாலைகளில் வகுப்புக்கு வந்தார். "ஓடுது," என்பார், கேட்டால்.

மாசி மாதத்தில் ஒரு மாலை, சீருடையோடு நேராக வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஹாலின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். நாங்களும் சுற்றி உட்கார்ந்தோம்.

"நேத்து ஒருத்தன் நின்னான்," என்றார்.

ஃபஹீமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆவல பாப்பா, பயப்படாத. நல்ல வெயிலு. ஊரப்பாக்கம் வர்றதுக்கு முன்ன. தண்டவாளத்து நடுவுல. ஹாரன் அடிச்சேன், எமர்ஜென்சி போட்டேன். அப்பால வேலை ஒண்ணும் இல்ல பாரு, பாக்கறதத் தவுர. மூச்ச வுட்டேன் மாஸ்டர், நீங்க சொன்ன மாரியே. கண்ணு நின்னுது." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குனிஞ்சி நின்னவன் தலையத் தூக்கினான். முழுசா பாத்தேன். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். அடர்த்தியா புருவம், ரெண்டு நாள் தாடி. வெள்ள சட்ட. என்னப் பாத்தான், நான் அவனப் பாத்தேன். அப்பால கைய ரெண்டும் தொடைல வச்சிகினு, இடுப்ப மடக்கி, நம்ம மாரியே ஒரு வணக்கம் போட்டான்."

"அவரும் கராத்தே படிச்சவரா அங்கிள்?" என்றாள் ஃபஹீமா. சிரிக்க முயன்றாள், பாதி வந்தது.

"தெரில பாப்பா. வணக்கம் போட்டுட்டு, அவசரமே இல்லாம எறங்கி அந்தாண்ட போய்ட்டான். வண்டி அவன் நின்ன எடத்தத் தாண்டித்தான் நின்னுது."

"மன்னிப்புக் கேக்கற மாதிரி தலையைக் குனிஞ்சிருப்பார் சார்," என்றார் ஜெரூஷா மெதுவாக. "நமக்கு அப்படித் தெரியும்."

"அப்பிடியும் இருக்கலாம்." அவர் ஒப்புக்கொண்டார். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். துக்கமாகத் தெரியவில்லை. நெடுந்தூரம் தூக்கி வந்த மூட்டையை இறக்கி வைத்தவரின் முகம்தான் கைகளை எடுத்தபோது இருந்தது. அன்று பயிற்சியில் ஃபஹீமாவுக்கு ஒரு வணக்கம் சொன்னார். ஒன்றே ஒன்று. குத்து வந்தபோது அவளையே பார்த்தார். அவள் முகத்தை அன்றுதான் முதலில் பார்ப்பவர்போல, "ஏன் பாப்பா, ஒனக்கு மோவாய்ல மச்சம் கீதா?" என்று கேட்டார்.

"நீங்க வந்த நாள்லேருந்தே கீது அங்கிள்," என்று அவள் அவர் பேச்சிலேயே பதில் சொன்னாள். "பொறந்ததுலேருந்தே கீது." எல்லோரும் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

இப்போது அவர் வாரம் முழுக்க வண்டி ஓட்டுகிறார். கிரீன் பெல்ட் வாங்கிவிட்டார். பெல்ட் கட்டிய படத்தை ஜாஸ்மின் அக்கா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் என்று கேள்வி.

சித்திரை மாதத்தில், ஒரு ஞாயிறு காலை, வகுப்புக்கு முன்னதாகவே போய்விட்டேன். படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கல்லூரி முடிக்கும் வயது. மடியில் ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

"சவுரிமுத்து சார் இங்க வருவாங்களா? டிரைவர் சார்," என்று கேட்டாள். "ஸ்டேஷன்ல கேட்டுக் கேட்டு, ஒருத்தர் இந்த எடத்தச் சொன்னாரு."

இன்றைக்கு டியூட்டியில் இருப்பார் என்றேன்.

"பரவால்ல, நீங்க குடுத்துருங்க. என் பேரு ஜீவிதா. அம்மா ரொம்ப நாளா போ போன்னாங்க, எனக்குத்தான் பயம்." தலையைக் குனிந்துகொண்டாள். "மாசி மாசம் ஊரப்பாக்கத்துகிட்ட டிராக்கக் கிராஸ் பண்ணேன். காதுல ஹெட்செட்டு. போனப் பாத்துகிட்டே நடந்தேன். ஹாரனே கேக்கல. ஏதோ ஒரு மாதிரி இருந்துச்சு, யாரோ உத்துப் பாக்கற மாதிரி. தலையத் தூக்கினா, எதிர்ல ரயிலு. கண்ணாடிக்குப் பின்னால சார் மூஞ்சி. கண்ணச் சிமிட்டாம பாத்துகிட்டே வந்தாங்க. அதப் பாத்துட்டுத்தான் நான் குதிச்சேன். முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு."

நல்ல வேளை என்றோ என்னவோ சொன்னேன். பிறகு, அன்று தண்டவாளத்தில் அவள் பக்கத்தில் நின்றிருந்த ஆள் யார் என்று கேட்டேன்.

"எந்த ஆளு?"

"வெள்ளைச் சட்டை. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும்."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"ஆம்பளை யாரும் இல்லீங்க. இளநீர்க்காரர் ஒருத்தர் ரோட்லேருந்து ஓடிவந்து என்னைத் திட்டினாரு, அது ரயில் நின்னதுக்கு அப்புறம். டிராக்ல நான் ஒருத்திதான் இருந்தேன். மஞ்சச் சுடிதார் போட்டிருந்தேன்."